மரக்காலும் மைக்ரானும்: தஞ்சை வயலில் பி.எச்.சி. தூள்

மார்கழியில் பொழுது விடிவதற்கு முன்பே தூள் தூவி முடித்துவிட வேண்டும். இலையிலும் கதிரிலும் பனி இருந்தால்தான் தூள் ஒட்டும். வெயில் ஏறிப் பனி உலர்ந்து காற்று எழும்பிவிட்டால் பாதி பக்கத்து வயலுக்குப் போய்விடும். சம்பா கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வரும் கதிர் நாவாய்ப்பூச்சிக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ, அதாவது ஏக்கருக்குப் பத்து கிலோ, பத்து சதவீத பி.எச்.சி. தூள் என்பது வேளாண்மைத் துறையின் பரிந்துரையாக நெடுங்காலம் இருந்தது. வசதியுள்ள பண்ணையில் கையால் சுற்றுகிற டஸ்டர் இருக்கும். மற்ற இடங்களில் பழந்துணிப் பையில் தூளைக் கட்டி, கழி நுனியில் தொங்கவிட்டு, பயிருக்கு மேலாகத் தட்டிக்கொண்டே நடப்பதுதான். நடக்கிறவர் தலைத்துண்டை அவிழ்த்து மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொள்வார். கரையில் நின்று பார்த்தால் வெள்ளையாக ஒரு மேகம் வரப்போரம் நகர்கிற மாதிரி இருக்கும். ஆள் அதற்குள் இருப்பார்.

அந்த மேகத்திற்குள் இருந்தவர் ஒரு காலையில் எவ்வளவு தூளை உள்ளே இழுத்தார் என்ற கேள்வி எளிதானது. அதற்குப் பதில் சொல்வதற்கான கருவிகளும் அதே ஆண்டுகளில் உலகில் இருந்தன. உழக்கும் நாழியும் மரக்காலும் கலமுமாக நூற்றாண்டுகளாக எல்லாவற்றையும் அளந்துகொண்டே இருந்த ஒரு நிலப்பகுதியில் இது மட்டும் ஏன் அளவுக்குள் வரவில்லை என்பதே இக்கட்டுரை தொட முயல்வது.

முதலில் சொல்லில் தொடங்கலாம். டெல்டாவில் இதற்குப் பெயர் 'மருந்து'. 'மருந்தடிக்கப் போயிருக்கான்' என்றால் வயலுக்கு. 'மருந்தக் குடிச்சிட்டான்' என்றால் பாடைக்கு. எண்ட்ரின், பாலிடால், டிமக்ரான் எல்லாம் மருந்துதான். பிளேட்டோவில் வருகிற 'பார்மகான்' என்ற கிரேக்கச் சொல் மருந்தையும் நஞ்சையும் ஒருசேரச் சுட்டுவதை டெரிடா விரித்து எழுதியதைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறோம். பாலிடால் டப்பா இருந்த திண்ணையில் உட்கார்ந்துகொண்டே பேசியிருக்கிறோம் என்பதுதான் வேடிக்கை. ஆனால் இந்த இருபொருள் வெறும் மொழி விளையாட்டு அல்ல. பயிருக்கு மருந்து என்ற சொல்லாடலில் நோயாளி பயிர், மருத்துவர் விரிவாக்க அலுவலர், பணம் கட்டுகிறவர் நில உடைமையாளர். மருந்தைக் கையால் அள்ளுகிறவனுக்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது.

தூளுக்குள் என்ன இருந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் விபரீதம். பென்சீனையும் குளோரினையும் ஒளியில் சேர்த்து இந்தப் பொருளை 1825-லேயே மைக்கேல் பாரடே உண்டாக்கிவிட்டார். அது பூச்சியைக் கொல்லும் என்பது தெரியவர ஒன்றேகால் நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆயிற்று. 1940-களில் பிரான்சிலும் பிரிட்டனிலும், அங்கே ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில், கண்டுபிடித்தார்கள். கொல்கிறது அதன் பல வடிவங்களில் ஒன்றான காமா மட்டும்தான். வான் டெர் லிண்டன் என்ற டச்சுக்காரர் 1912-இல் பிரித்தறிந்த வடிவம் அது; பின்னாளில் அவர் பெயராலேயே 'லிண்டேன்' ஆயிற்று. நம் ஊரில் 'கமாக்சின் பவுடர்' என்று எறும்புப் புற்றுக்குக் கொட்டியதும் இதே சரக்கு. இந்தியாவில் பூச்சிக்கொல்லி உற்பத்தி என்பதே 1952-இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் பி.எச்.சி. ஆலையோடுதான் தொடங்குகிறது.

ஆலையிலிருந்து வருகிற கலப்புச் சரக்கில் காமா ஏறத்தாழ 13 சதவீதம். ஆல்பா மூன்றில் இரண்டு பங்கு. மிச்சம் பீட்டா, டெல்டா முதலியவை. வயலுக்கு வருகிற பத்து சதவீதத் தூளில் இந்தக் கலப்புச் சரக்கு பத்து பங்கு, மீதித் தொண்ணூறும் மாக்கல் பொடி, களிமண் பொடி போன்ற சுமப்பான்கள். பத்து கிலோ பையில் பூச்சியைக் கொல்கிறது 130 கிராம். ஒரு ஏக்கருக்கு 130 கிராமைக் கொண்டுசேர்ப்பதற்காக ஒன்பது கிலோ எண்ணூற்று எழுபது கிராம் பொடியை ஒரு மனிதனின் முகத்துக்கு முன்னால் பறக்கவிட்டிருக்கிறோம். அந்தப் பொடியும் சும்மா வரவில்லை. ஒவ்வொரு துகளும் தன் மேல்பரப்பில் ஆல்பாவையும் பீட்டாவையும் ஏற்றிக்கொண்டு வந்தது. பூச்சிக்கு ஒன்றும் செய்யாத பீட்டாதான் மனித உடலின் கொழுப்பில் ஆகக் கூடுதலாகத் தங்குவது.

தூசியை அளக்கும் கலை சுரங்கத்தில் பிறந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் சிலிக்காத் தூசியால் தொழிலாளிகள் செத்துக்கொண்டிருந்தபோது, அரசாங்கச் சுரங்கப் பொறியாளர் ராபர்ட் கோட்சே 1916 வாக்கில் 'கோனிமீட்டர்' என்ற சிறிய கருவியைக் கொண்டுவந்தார். கொஞ்சம் காற்றைப் பசை தடவிய கண்ணாடியில் மோதவிட்டு, ஒட்டிய துகள்களை நுண்நோக்கியில் எண்ணுவது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு முழுக்க ஒரு தகராறு நடந்தது: தூசியை எண்ணுவதா, நிறுப்பதா? நுண்ணிய துகள் ஆயிரம் சேர்ந்தாலும் எடை இராது, ஆனால் நுரையீரலின் அடிவரை போவது அதுதான். 1959-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய மாநாடு, மூச்சுச் சிற்றறை வரை போகக்கூடிய துகள் என்பதற்கு 5 மைக்ரானை மையமாக வைத்து ஒரு வரையறை செய்தது. அன்றிலிருந்து எடை ஜெயித்தது. பின்னர் மூக்கு வாய் வழியே நுழையக்கூடியது, மார்புக்குள் இறங்குவது, அடி நுரையீரலை அடைவது என்று மூன்றாகப் பிரித்தார்கள்.

இந்தப் பிரிவினை சிலிக்காவுக்குச் சரி. தூசி தானே நோய் என்கிறபோது அது எங்கே போய்ப் படிகிறது என்பதுதான் முக்கியம். ஆனால் தூசி ஒரு வாகனம் மட்டுமே என்றால்? பி.எச்.சி. ஏறிய பெரிய துகள் மூக்கிலேயே மாட்டிக்கொண்டாலும், சளியோடு விழுங்கினால் குடல் வழியே இரத்தத்துக்குப் போகும். தோலில் படிந்தால் வியர்வையில் ஊறித் தோல் வழியே போகும். அதுவுமில்லாமல் இந்த ரசாயனம் துகளிலேயே உட்கார்ந்திருப்பதில்லை, ஆவியாகிறது. வடிதாளில் தூசியைப் பிடித்து நிறுத்துவதற்குள், பிடித்த தூசியிலிருந்து ரசாயனம் கிளம்பிப் போயிருக்கும். ஆகவே வடிதாளுக்குப் பின்னால் ஆவியைப் பிடிக்க இன்னொரு அடுக்கு வேண்டும். எல்லாவற்றையும் கரைப்பானில் கரைத்து வாயு நிறப்பிரிகைக் கருவியில் ஏற்ற வேண்டும். தூசியின் எடை ஒரு எண், அது சுமந்த நஞ்சின் எடை இன்னொரு எண், உடலுக்குள் போனது மூன்றாவது எண். மூன்றும் ஒன்றல்ல என்பதைக் கற்றுக்கொள்ளவே தொழில் சுகாதாரத் துறைக்கு வெகுகாலம் பிடித்தது.

இதில் திருப்பம் 1960. பிரிட்டனின் ஹார்வெல் அணுசக்தி நிலையத்தில் ஷெர்வுட், கிரீன்ஹால்ஷ் என்ற இருவர் தொழிலாளியின் மேலேயே மாட்டிவிடக்கூடிய காற்று மாதிரிக் கருவியை உருவாக்கினார்கள். இடுப்பில் சிறிய பம்ப், சட்டைக் காலரோரம் வடிதாள். அறையின் மூலையில் நிறுத்திய கருவி சொல்வதைவிட ஆளின் மேல் மாட்டியது அதிகமாகச் சொல்கிறது என்பது தெரியவந்தது. காற்று பொதுவானதல்ல, ஆளுக்கு ஆள் வேறு காற்று. மூச்சு விடுகிற எல்லை என்று மூக்கைச் சுற்றி ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான அரைக்கோளத்தை வகுத்தார்கள். கருவி மாட்டுமிடம் காலர். தஞ்சாவூர் வயலில் மேல்துண்டோடு நிற்கிறவனுக்குக் காலர் எங்கே இருக்கிறது என்று அந்த அறிவியல் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் அதற்கு வரவில்லை.

வயலுக்கு மிக அருகே வந்த ஆய்வு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஆப்பிள் தோட்டங்கள் சூழ்ந்த வெனாச்சி என்ற ஊரில் நடந்தது. டர்ஹாம், வுல்ஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 1962-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரை, பூச்சிக்கொல்லியைக் கையாள்பவர் மேல் படுவதை அளப்பதற்குப் பல ஆண்டுகள் வழிகாட்டியாக இருந்தது. முறை வெகு எளிமை. உடம்பின் பல இடங்களில் சிறு ஒட்டுகளைப் பொருத்துவது. தெளிப்பு மருந்தென்றால் செல்லுலோஸ் அட்டை, தூள் என்றால் மடித்த காஸ் துணி. மூச்சுக்கு, முகமூடியில் வடிதுணி வைத்து, வேலை முடிந்ததும் அதை எடுத்துக் கரைத்துப் பார்ப்பது. மூச்சில் போவதைவிடத் தோலில் படுவது பல மடங்கு அதிகம் என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

ஒட்டுகளில் பட்டதை வைத்து முழு உடம்புக்குக் கணக்குப் போடுகிறபோது ஒரு உடலைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவர்கள் கற்பனை செய்த உடல்: கழுத்து திறந்த அரைக்கைச் சட்டை, தொப்பி இல்லை, கையுறை இல்லை, துணி மூடிய இடமெல்லாம் முழுப் பாதுகாப்பு. இது ஆப்பிள் தோட்டத்து வெள்ளைக்காரத் தொழிலாளியின் உடல். கோவணமோ, முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய கைலியோ, சேற்றில் முழங்கால்வரை புதைந்த கால்களோ, வெற்று முதுகோ அந்தச் சூத்திரத்தில் இல்லை. எண் என்பது நடுநிலையானது என்று நம்புகிறவர்கள் அந்த எண்ணுக்குள் யாருடைய சட்டை இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

இனி டெல்டா. போர்டு அறக்கட்டளையின் நிபுணர் குழு 1959-இல் இந்திய உணவு நெருக்கடி பற்றி அறிக்கை கொடுக்க, அதன் வழியில் 1960-61-இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் வருகிறது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. விதை, உரம், கடன், பயிர்ப் பாதுகாப்பு எல்லாம் ஒரே பொட்டலம். 'பேக்கேஜ் திட்டம்' என்றே ஊரில் பெயர். 1960-களின் நடுவில் ஏ.டி.டி. 27 வந்தது. பயிர்ப் பாதுகாப்பின் முன்னேற்றம் ஏக்கரில் அளக்கப்பட்டது: இத்தனை ஏக்கர் 'பாதுகாக்கப்பட்டது'. மருந்து டன்னில் அளக்கப்பட்டது. மகசூல் கிலோவில். இந்த மாவட்டம் ஆய்வாளர்களுக்கும் பிரியமான இடம். கேத்லீன் கஃப் 1950-களின் தொடக்கத்திலும் பிறகு 1976-இலும் வந்தார். ஆந்த்ரே பெத்தேய் 1960-களின் தொடக்கத்தில் வந்தார். பிரான்சின் பிராங்கல் பசுமைப் புரட்சியின் அரசியல் விலை பற்றி எழுதினார். நிலம், கூலி, சாதி, கட்சி என்று அவர்கள் நுணுக்கமாக அளந்திருக்கிறார்கள். மூச்சு அந்தப் பட்டியலில் வர நியாயமில்லை. அது சமூகவியலின் அலகு அல்ல. தொழில் சுகாதாரத்துக்கோ வயல் ஒரு தொழிற்களமே அல்ல. இரண்டு துறைகளின் எல்லைக்கோட்டில், சரியாக வரப்பின்மீது, அந்த ஆள் நின்றுகொண்டிருந்தார்.

உழைப்பாளிகளும் இதைக் கேட்கவில்லை. அதற்குக் காரணம் அறியாமை என்று சொல்வது அநியாயம். கீழத்தஞ்சையில் அளவைப் பற்றிய போராட்டம்தான் அரசியலே. வாங்குகிற மரக்கால் பெரிசு, கொடுக்கிற மரக்கால் சிறிசு என்பது தலைமுறை தலைமுறையாக வந்த பேச்சு. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் மரக்கால் கணக்குச் சண்டையின் தொடர்ச்சியில்தான். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், எல்லோரும் தலித்துகள். அந்தத் தகராறின் மையத்தில் கூலியாக இன்னும் அரைப்படி நெல் என்ற கோரிக்கை இருந்தது. அரைப்படி நெல்லுக்கு அந்த விலை என்றால், மூச்சில் போகிற மில்லிகிராமை யார் கணக்குக் கேட்பது?

அதே 1968 செப்டம்பரில் பூச்சிக்கொல்லிச் சட்டம் நிறைவேறுகிறது. அதன் பிறப்புக் கதையையும் கவனிக்க வேண்டும். 1958-இல் கேரளத்தில் கப்பலில் பாலிடாலோடு சேர்ந்து வந்த கோதுமை மாவையும் சர்க்கரையையும் தின்று நூறு பேருக்கு மேல் செத்தார்கள். விசாரணைக் குழு அமைந்து, பத்தாண்டு கழித்துச் சட்டம் வந்தது. ஆக, சட்டத்தின் கண் முன்னால் முதலில் நின்றவர் நஞ்சைத் தின்றவர். நஞ்சைத் தூவியவர் அல்ல. 1971 விதிகளில் மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்பு உடை, சுவாசக் கருவி எல்லாம் எழுதப்பட்டுத்தான் இருந்தன. மார்கழிப் பனியில் எந்த வரப்பில் எந்த ஆய்வாளர் அதைச் சரிபார்த்தார் என்று கேட்டால் டெல்டாவில் சிரிப்பார்கள். 'காற்றில் இதற்கு மேல் கூடாது' என்ற எண்கள் போபாலுக்குப் பிறகு, 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் வந்தன. லிண்டேனுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மில்லிகிராம், டி.டி.டி.க்கு 1 மில்லிகிராம். ஆனால் அது தொழிற்சாலைச் சட்டம். வயலுக்குக் கூரை இல்லை.

இந்த எண்ணை ஒரு பேச்சுக்கு வயலுக்கு எடுத்துவருவோம். எட்டு மணி நேர வேலையில் ஒருவர் சுமார் பத்து கன மீட்டர் காற்றை இழுக்கிறார் என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் 0.5 என்ற வரம்பு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமை அனுமதிக்கிறது. ஒரு ஏக்கருக்கான பத்து கிலோ தூளில் கலப்புச் சரக்கு ஒரு கிலோ, அதாவது பத்து லட்சம் மில்லிகிராம். அதில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு மூக்கில் ஏறினால் போதும், 5 மில்லிகிராம் ஆகிவிடும். மேகத்துக்குள் நடக்கிறவருக்கு அது எத்தனை தப்படி என்று வாசகர் யோசித்துக்கொள்ளலாம். வரம்பு லிண்டேனுக்குத்தானே, கலப்புச் சரக்குக்கு இல்லையே என்று ஒருவர் மறுக்கலாம், மறுப்பது சரிதான். அட்டவணை பெயர் சொல்லிக் காவல் வைத்தது காமாவுக்கு. கொழுப்பில் தங்கிய பீட்டாவுக்கு வரம்பு இல்லை.

ஆலைத் தொழிலாளிக்காவது கொஞ்சம் கணக்கு உண்டு. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தினர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், பி.எச்.சி. உற்பத்தி ஆலையில் சரக்கை நேரடியாகக் கையாண்டவர்களின் இரத்தத்தில் அது மற்றவர்களைவிடப் பல மடங்கு இருந்தது. ஆலைக்குள் வேறு வேலை பார்த்தவர்களிடம் அதற்கு அடுத்தபடி. அந்த நஞ்சில் முதன்மையாக இருந்தது பீட்டா.

டெல்டாவின் காற்றும் கடைசியில் அளக்கப்பட்டது. இதுதான் இந்த வரலாற்றில் எனக்குத் தூக்கம் கெடுக்கிற பகுதி. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தின் தட்சுகாவா, தனாபே குழுவினரும் 1980-களின் பிற்பகுதியில் சேர்ந்து வேலை செய்தார்கள். வீராணம் வழியாகக் காவிரித் தண்ணீர் பாயும் வெள்ளாற்றுப் படுகை, டெல்டாவின் வடகோடி. 1989-இல் வெளியான கட்டுரை, பரங்கிப்பேட்டைக் காற்றில் பி.எச்.சி.யின் அளவு நெல்சாகுபடிக் காலமான ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை உயர்வதைக் காட்டியது. நெல் வயலிலேயே பி.எச்.சி.யைப் போட்டு அது எங்கே போகிறது என்று பார்த்தார்கள். 1991-இல் வந்த முடிவு: வயலில் போட்டதில் 99.6 சதவீதம் காற்றுக்குப் போகிறது. ஆற்றோடு கடலுக்குப் போவது 0.4 சதவீதம். வெப்ப நாட்டு வயலில் பி.எச்.சி. மண்ணில் தங்குவதில்லை, வானத்துக்கு ஏறுகிறது. 1990-இல் தென்னிந்தியத் தாய்ப்பாலில் இருந்ததையும் அதே குழு அளந்து எழுதியது.

அவர்களைக் குறை சொல்ல நான் யார்? அவர்களுடைய கேள்வி கடலைப் பற்றியது, துருவப் பிரதேசங்கள் வரை போகிற காற்றைப் பற்றியது. அந்தக் கேள்விகளுக்கு உலகம் செவிசாய்த்தது. ஆல்பா, பீட்டா, லிண்டேன் மூன்றும் 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் பாருங்கள், வயலிலிருந்து கிளம்பிய 99.6 சதவீதம் மேல்நோக்கி அளக்கப்பட்டிருக்கிறது, கடல்நோக்கி அளக்கப்பட்டிருக்கிறது, தாய்ப்பால்வரை அளக்கப்பட்டிருக்கிறது. நடுவில், ஐந்தடி உயரத்தில், மூக்கு இருந்த இடம் காலியாக இருக்கிறது.

அளந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 'பாதுகாப்பான அளவு' என்பதே ஒரு அதிகாரச் சொல்லாடல். வரம்பு என்பது இவ்வளவு நஞ்சு ஊட்டலாம் என்ற உரிமச் சீட்டாகவும் வேலை செய்யும். பல நாடுகளில் ஆலை முதலாளிகள் வரம்புக்குக் கீழே இருப்பதைக் காட்டி இழப்பீட்டை மறுத்திருக்கிறார்கள். இதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: எண் இல்லாத இடத்தில் உழைப்பாளியின் வாய்ச்சொல் என்னவாகிறது? மருந்து தூவிவிட்டு வந்து 'தலை கிறுகிறுன்னு வருதுங்க, கண்ணு இருட்டுது' என்று உட்கார்ந்தவருக்கு எங்கள் தெருவில் நான் சிறுவனாகக் கேட்ட பதில்கள் மூன்று: பனி ஒத்துக்கல, வெறும் வயித்தோட போயிருப்பான், ராத்திரி சாராயம். கடைசிப் பதிலைச் சொன்னவர்கள்தான் அதிகம். மூன்றிலும் குற்றம் அவர் உடம்பின் மேல்தான். புளித்த மோரைக் குடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் அடுத்த வயல்.

பி.எச்.சி. இந்தியாவில் 1997 ஏப்ரலில் தடை செய்யப்பட்டது. போனது ரசாயனம்தான், தூள் போகவில்லை. அதே கதிர் நாவாய்ப்பூச்சிக்கு அதே 25 கிலோ கணக்கில் மாலத்தியான் தூள், குயினால்பாஸ் தூள் என்று பரிந்துரைகள் தொடர்ந்தன. சுமப்பான் பொடியும், விடியற்காலைப் பனியும், மூக்கில் துண்டும் அப்படியே. 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தபோதுதான், தெளிக்கிறவரின் மூச்சு நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்தது.

டர்ஹாமும் வுல்ஃபும் சொன்ன முகமூடி வடிதுணியை நினைத்துப் பார்க்கிறேன். மூக்கின் முன்னால் ஒரு துணி, அதில் படிந்ததைக் கரைத்து எடுத்தால் ஒரு காலையின் கணக்கில் ஒரு பகுதி. அப்படியொரு துணி டெல்டாவில் ஒவ்வொரு மருந்து நாளிலும் இருந்தது. நான்கு முழத் துண்டு, இரண்டு மடிப்பு, மூக்கும் வாயும் இருந்த இடத்தில் ஈரமாக வெள்ளைக் கறை. வேலை முடிந்ததும் அவர் அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். மதியத்துக்கு மேல் அவர் பெண்சாதி அதை மற்றத் துணிகளோடு சேர்த்து வாய்க்காலில் அடித்துத் துவைப்பார், இடுப்பில் கைப்பிள்ளையோடு.